செல்லாயி மடியில் ஒரு பிடி பயிறு

முந்திரிக் கம்பெனியில் வேலம்மாள் பார்த்த வேலை, மற்றப் பெண்களைத் தடவிப் பார்ப்பது. இதைக் கௌரவமாகச் சொல்ல ஆயிரம் வழி உண்டு. கம்பெனி ரிஜிஸ்டரில் ‘பெண் காவலர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். யாராவது விசாரித்தால் வேலம்மாள் ‘கேட்டுல நிக்கிறேன்’ என்பாள். அவளிடம் தினமும் சோதனைக்கு நின்ற நூற்றிருபது பெண்களும் அவளுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

கம்பெனி, கடலூர் ஓ.டி.யிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. பண்ருட்டியிலிருந்து லாரியில் கொட்டை வந்து இறங்கும். ஒரு கொட்டகையில் வறுப்பார்கள், அடுத்ததில் உடைப்பார்கள், அதற்கும் அடுத்ததில் தோல் உரித்துத் தரம் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் பருப்பை அந்தப் பக்கத்து ஜனங்கள் பயிறு என்றுதான் சொல்வார்கள். முழுப் பயிறெல்லாம் டின்னில் அடைபட்டுச் சீமைக்குப் போய்விடும். உரித்தவள் அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் திருட்டு, மடியில் கட்டிக்கொண்டால் பெருந்திருட்டு. பிடிபட்டவளின் பெயரையும் ஊரையும் கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, ஒரு மாதத்துக்கு அழிக்காமல் வைத்திருப்பார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதும். பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக வரிசை கட்டி வருவார்கள். கேட்டருகே தென்னந்தட்டி வைத்து மறைத்த ஓர் இடம். ஒவ்வொருத்தியாக அதற்குள் வந்து இரண்டு கைகளையும் விரித்து நிற்க வேண்டும். கொண்டையை அவிழ்க்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும், முந்தானையை உதற வேண்டும், கடைசியாக மடியை அவிழ்த்து உதற வேண்டும். வேலம்மாளின் கை அதற்குள் ரவிக்கை ஓரம், இடுப்புச் சொருகல், சுருக்குப்பை எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்கும். ‘போ’ என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அவளை அந்த வேலையில் வைத்தவர் மேனேஜர் தட்சிணாமூர்த்தி. முதலில் அவர் பக்கத்து ஊரான குடிகாட்டிலிருந்து ஒருத்தியை நிறுத்திப் பார்த்தார். வரிசையில் வந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்கு நாத்தனார், மீதிப் பேர் ஓரகத்தி. எவள் மேல் அவள் கை வைப்பாள்? பத்தே நாளில் அவளை மாற்றிவிட்டு, கடற்கரைக் குப்பத்தில் மீன் கூடை சுமந்துகொண்டிருந்த வேலம்மாளைக் கூட்டிவந்தார். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைவிக்கிற ஊர்ப் பெண்களுக்கும் அவளுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒருத்தி வீட்டு நல்லது கெட்டதிலும் அவள் போய் உட்கார வேண்டியதில்லை. அவர் கணக்குச் சரியாகவே இருந்தது. ஆறு வருஷத்தில் வேலம்மாளின் கையைத் தாண்டி ஒரு பயிறு வெளியே போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கணவன் சடையப்பன், “ஊரான் வூட்டுப் பொம்பளைங்க சாபத்தையெல்லாம் கட்டிக்கினு வர்றே” என்று அவ்வப்போது முணுமுணுப்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் கை பயிறை மட்டுமா பார்க்கும்? எவளுடைய முதுகில் புருஷன் அடித்த தடிப்பு இருக்கிறது, எவள் ரேஷன் அரிசி கிடைக்காத வாரத்தில் இளைத்திருக்கிறாள், எவளுக்கு அக்குளில் கட்டி வந்திருக்கிறது, எல்லாம் வேலம்மாளுக்குத் தெரியும். பிள்ளை உண்டானது புருஷனுக்குத் தெரியும் முன்பே இவளுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்ததை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. அவள் தலை தெரிந்தால் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்கிற சேதி ஒன்றும் அவள் பக்கம் வராது. உடம்பு சொல்வதுதான் அவளுக்குச் சேதி.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கம்பெனிச் சட்டத்தை மீறுவாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைத்தாச்சி மடியை உதறக் கூடாது என்பது அவள் அம்மா சொல்லி வளர்த்தது. ஆகையால் பிள்ளை உண்டானவளின் மடியை அவள் அவிழ்க்கச் சொல்லமாட்டாள். உள்ளங்கையை மட்டும் ஒரு தரம் மடிமேல் ஓட்டிவிட்டு ‘போ’ என்பாள். இது வரிசைக்கும் தெரியும். தட்டிக்குள்ளிருந்து ஒருத்தி மடி உதறாமல் வெளியே வந்தால் பின்னால் நிற்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள். “எம்மாடி, வேலம்மா இவளுக்கு உதறல” என்று ஒருத்தி சொல்வாள். அந்தப் பெண் வெட்கப்பட்டு ஓடுவாள். சோதனைக் கேட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அறுபத்தைந்தாம் வருஷத்து மார்கழியில் வேலம்மாளின் கை செல்லாயியிடம் தடுமாறியது.

செல்லாயிக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். குடிகாட்டுக்காரி. போன தை மாசம் புருஷனை விஷக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் தோல் உரிக்க வந்தவள். நெற்றியும் கழுத்தும் மூளி. அதிகம் பேசமாட்டாள். அவள் இடுப்பில் கை வைத்த வேலம்மாள், வைத்த கையை எடுக்காமல் ஒரு கணம் நின்றுவிட்டாள். மூன்று மாதம் தாண்டியிருந்தது. சந்தேகமே இல்லை.

வேலம்மாளுக்குப் பழையதொன்று நினைவுக்கு வந்தது. அவள் குப்பத்தில் இப்படி ஒருத்தி இருந்தாள். தாலியறுத்த பிறகு பிள்ளை உண்டானவள். ஊர்க்கூட்டம் போட்டு அவளை மணலில் நிறுத்திக் கேட்ட கேள்விகளைச் சிறு பெண்ணாக இருந்த வேலம்மாள் கேட்டிருக்கிறாள். மறுவாரம் அந்தக் குடிசை காலியாகிவிட்டது. அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

மடியை உதறச் சொன்னால் பாவம். உதறச் சொல்லாவிட்டால் வரிசைக்கே தெரிந்துவிடும். வேலம்மாள் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். செல்லாயியின் கொசுவத்தைத் தானே பிடித்து, அவிழ்க்காமல், வெளியே சத்தம் கேட்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினாள். “போ” என்றாள். செல்லாயி அவளை வியப்போடு பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே செய்தாள், அதற்கு மறுநாளும். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வேலம்மாள் தன் வேலையில் பொய் செய்தாள். அது அவளுக்குப் பிடித்துமிருந்தது.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் கம்பெனியில் பயிறு எடை குறைந்தது. முதலாளி மேனேஜரைச் சத்தம் போட்டார். மேனேஜர் வாட்ச்மேனைச் சத்தம் போட்டார். வாட்ச்மேனுக்குச் சத்தம் போட ஆளில்லாததால் விஷயம் அங்கே நின்றது. அன்று சாயங்காலம் தட்சிணாமூர்த்தி தாமே கேட்டுக்கு வந்து, தென்னந்தட்டியை ஓரமாக நகர்த்தி வைக்கச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

செல்லாயியின் முறை வந்தது. வேலம்மாள் கொசுவத்தைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

“நில்லு” என்றார் மேனேஜர். “மடி அவிழவே இல்லியே. அவ இடுப்பு ஏன் அப்படி உப்பிக் கெடக்கு? சேலையைத் தளத்திப் பாரு.”

“பாத்துட்டேன் சார். ஒண்ணுமில்ல.”

“நான் பாக்கலியே. அவிழ்க்கச் சொல்றேன், நீ யாரைக் காப்பாத்துறே? ஜாஸ்தி பேசினா ரெண்டு பேரையும் போலீசுல குடுத்துடுவேன்.”

செல்லாயி வாயைத் திறந்தாள். முகம் சிவந்தது. வார்த்தை வரவில்லை. அவளுக்கு நான்கு ஆள் பின்னால் குடிகாட்டு ஞானாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது, கம்பெனியிலேயே பெரிய வாய். அவளுக்கு ஒன்று தெரிந்தால் விடிவதற்குள் எட்டூருக்கும் தெரிந்துவிடும். அவளும் கழுத்தை நீட்டி, எதையோ சொல்ல முன்னால் வருவதை வேலம்மாள் பார்த்தாள். இனி யோசிக்க நேரமில்லை.

பக்கத்து முக்காலியில் ஒரு டின் இருந்தது. சேலை மடிப்பில் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்து உதறும்போது விழும் பயிறை அதில்தான் போட்டு வைப்பாள். வேலம்மாள் மேனேஜருக்கும் வரிசைக்கும் முதுகைக் காட்டி நகர்ந்து நின்றாள். இடது கை டின்னுக்குள் போனது. ஒரு பிடி அள்ளியது. அதே கை செல்லாயியின் மடிச் சொருகலுக்குள் நுழைந்து, உடனே வெளியே வந்து, எல்லாரும் பார்க்க விரிந்தது.

“இருந்திச்சு சார். ஒரு பிடி. நான்தான் அசந்துட்டேன்.”

செல்லாயி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு வேலம்மாளின் முகத்தைப் பார்த்தாள். வேலம்மாள் கண்ணாலேயே அவளுக்குச் சொன்னாள், பேசாமல் போ, பிழைத்துக்கொண்டாய் என்று. செல்லாயிக்குப் புரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். முன்னால் வந்த ஞானாம்பாள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேனேஜருக்குப் பயிறு கிடைத்துவிட்டது, அதனால் சேலை மறந்துபோயிற்று. செல்லாயிக்கு அன்றோடு வேலை போனது. கரும்பலகையில் ‘செல்லாயி, குடிகாடு’ என்று எழுதினார்கள். பொங்கலுக்கு முதலாளி வேலம்மாளுக்கு ஒரு சுங்குடிச் சேலை கொடுத்தனுப்பினார். பெண்கள் அவள் போகிற வழியில் காறித் துப்பினார்கள்.

துப்பட்டும் என்றிருந்தாள் வேலம்மாள். வேலை போனால் இன்னொரு வேலை, மானம் போனால் எங்கே வாங்குவது? செல்லாயி எங்கேயாவது கண் காணாத இடத்துக்குப் போய் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். இதைத் தான் செய்தோம் என்ற சந்தோஷம் மூன்று நான்கு மாதத்துக்கு அவளிடம் இருந்தது. சடையப்பனிடம்கூடச் சொல்லாமல் அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்குமுன் வாய்த்ததில்லை.

சித்திரையில், கிள்ளையில் கட்டிக்கொடுத்திருந்த மகளைப் பார்க்கக் கிளம்பினாள். சிதம்பரத்தில் பஸ் மாற வேண்டும். பேரனுக்குக் கிலுகிலுப்பை வாங்கலாமென்று கீழ வீதிப் பக்கம் நடந்தவள், ஒரு காபி கிளப்பின் கொல்லைப்புறத்தில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து நின்றுவிட்டாள். செல்லாயிதான். வயிறு பெரிதாகி, ஆட்டுக்கல்லில் இடிக்காமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வேலம்மாள் கிட்டத்தட்ட ஓடினாள். “நல்லா இருக்கியா செல்லாயி?”

செல்லாயி நிமிர்ந்தாள். குழவியை நிறுத்தவில்லை.

“இருக்கேன்.”

“ஊர்ல யாருக்கும் தெரியாமப் போச்சு இல்ல? அதுக்குத்தான் அன்னிக்கு அப்படிப் பண்ணேன். அந்த ஆளு சேலையை அவுக்கச் சொல்றான், அந்த ஞானாம்பா வேற பின்னாலயே நிக்கிறா. வேற வழி தெரியல எனக்கு.”

குழவி நின்றது. செல்லாயி அவளை நிதானமாகப் பார்த்தாள்.

“ஞானாம்பா என் மாமியாரு” என்றாள்.

வேலம்மாளுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. குடிகாட்டு இளசுகள் எல்லாம் ஞானாம்பாளை அத்தை என்றுதான் கூப்பிடும். செல்லாயியும் கூப்பிட்டாள். அது வெறும் மரியாதை என்றே அவள் நினைத்திருந்தாள்.

“அவுங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா. என் கொழுந்தனுக்கு என்னைக் கட்டி வைக்கிறதுன்னு பேசி முடிச்சிட்டாங்க. எங்கள்ல அது வழக்கந்தான். செத்தவருக்கு வருஷம் திரும்பட்டும், தை பொறந்து கட்டலாம்னு இருந்தாங்க. அதுக்குள்ள இது தங்கிடுச்சு. அத்தைகிட்டதான் மொதல்ல சொன்னேன். ரெண்டு திட்டு திட்டுச்சு, அப்புறம் புளிப்புக்கு நெல்லிக்கா வாங்கியாந்து குடுத்துச்சு. அன்னிக்குக் கேட்டுல நான் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆம்பளை முன்னால வெக்கமா இருந்திச்சு. அத்தை சொல்லணும்னு முன்னால வந்திச்சு. அதுக்குள்ள நீ…”

மேலே சொல்லாமல் மாவை வழித்துவிட்டாள்.

“நான் எடுக்கலன்னு அத்தை கால்ல வுழுந்து சொன்னேன். மடியிலேருந்து வந்ததைக் கண்ணால பாத்தேனேன்னுச்சு. பலகையில ஊர்ப் பேரோட எழுதிட்டாங்களே, திருடிக்கு என் புள்ளையக் கட்டமாட்டேன்னுடுச்சு. அம்மா பேச்ச அவரு தாண்டல. மாசியில கம்மாபுரத்துல பொண்ணு பாத்துக் கட்டி வச்சிட்டாங்க.”

வேலம்மாள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் வந்து சொல்றேன். இப்பவே சொல்றேன், அது நான் வச்சதுன்னு.”

“சொல்லி? அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சு, அது கழுத்துல ஏறின தாலியக் கழட்டுவாங்களா?” செல்லாயி அழவில்லை. அழுது முடித்தவள் பேசுகிற பேச்சு அது. “நான் திருடலன்னு அத்தைக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். ஆனா நான் எங்க இருக்கேன்னு சொல்லக் கூடாது. இந்தப் புள்ள மேல சத்தியம் பண்ணு. அவுங்க வந்து நின்னா அந்தக் குடும்பமும் கெட்டுடும்.”

வேலம்மாள் அவள் வயிற்றைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். ஆறு வருஷமாக எத்தனையோ வயிற்றில் பட்ட கை அது.

மகள் வீட்டில் இரண்டு நாள் தங்க வந்தவள் அன்றே திரும்பிவிட்டாள். பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் சாயங்காலம் ஞானாம்பாள் தட்டிக்குள் தனியாகத்தான் வருவாள். மடியைப் பார்க்கிற சாக்கில் காதோடு காதாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. வேலையும் போகாது. ஆனால் திருடி என்று ஊரறியச் சொல்லிவிட்டு, இல்லை என்பதைக் காதில் ஓதினால் அது என்ன நியாயம்? அப்படியெல்லாம் யோசிக்கிறவள் அல்ல அவள். அன்றைக்கு யோசித்தாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் அவளே தென்னந்தட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஆபீஸ் அறை வாசலில் நின்ற தட்சிணாமூர்த்தியைப் பார்த்து, வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“சார், மார்கழியில செல்லாயி மடியிலேருந்து எடுத்தேனே பயிறு, அது அவ எடுத்தது இல்ல. அந்த டின்லேருந்து நான் அள்ளி வச்சது. அவ மாசமா இருந்தா, தாலியில்லாதவளாச்சே, வெளிய தெரியக் கூடாதுன்னு நெனச்சு வச்சேன். அந்தப் பொண்ணு ஒரு பயிறு தொட்டதில்ல.”

“உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?” என்று மேனேஜர் இறங்கி வந்தார். “அப்ப இத்தனை நாளா புடிச்சதெல்லாம் நீ வச்சதுதானா?”

“இல்ல சார். மத்ததெல்லாம் அவுங்க எடுத்தது. இது ஒண்ணுதான் நான்.”

அதை அவர் நம்பவில்லை. வரிசையும் நம்பவில்லை. பொய்க்கைக்காரி என்று யாரோ சொன்னார்கள். ஆறு வருஷத்துக் கர்வம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. வேலம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் ஞானாம்பாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானாம்பாள் வரிசையை விட்டு மெல்ல வந்தாள். பெரிய வாய்க்காரி தணிந்த குரலில் கேட்டாள்.

“எங்க இருக்கா?”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேம்மா.”

“புள்ள பொறந்துடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“எந்த ஊருன்னு மட்டும் சொல்லு தாயே. நான் போய் அவ கால்ல வுழறேன். கண்ணால பாத்தேன்னு சொல்லித் தொரத்துனேனே நான்.”

வேலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞானாம்பாள் தட்டி இருந்த இடத்துக்குள் போய் நின்றாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தினம் நிற்கிற மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“வா. வந்து பாரு. உன் கையிக்குத்தான் எல்லாம் தெரியுமே. என் பேரப்புள்ளய நான் எங்க தொலச்சேன்னு தடவிப் பாத்துச் சொல்லு.”

வேலம்மாள் கையைத் தூக்கவில்லை. மேனேஜர் ஏதோ சத்தம் போட்டார். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, கைகளை விரித்து நிற்கும் ஞானாம்பாளைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார்கள். அன்று யாரும் யாரையும் சோதிக்கவில்லை.